பின்னால் ஆளில்லை

ஹெட்டியின் அப்பா ஷேன் கால்பந்தாட்டக்காரர். முன்னால் நின்று கோல் போடுவதுதான் அவர் வேலை. ஆனால் தோர்ன்பெக் கிளப்புக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை.

தோர்ன்பெக் நான்காம் பிரிவில், அதிலும் அடியில் கிடந்த அணி. அந்த மாதிரி அணிகளில் ஆடுகிறவர்களுக்கு மாளிகையா இருக்கும்? கிளப் கைவிட்டால் வேறு ஊர், வேறு வாடகை வீடு. ஹெட்டிக்கு வேறு பள்ளி. இந்த ஊரில்தான் அவளுக்கு முதன்முறையாக ஒரு தோழி கிடைத்திருந்தாள். சனிக்கிழமையும் கோல் விழாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கப்போவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

வியாழன் மதியம் மைதானத்தில் பனிமூட்டம். மற்றவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் ரயில் பாதைப் பக்கத்துக் கோலில் தனியாகப் பழகினார். கம்பத்துக்குப் பின்னால் ஹெட்டி நின்றிருந்தாள்.

அப்பா பந்தோடு வந்தார். குறி பார்த்தார். திடீரென்று பதறி, பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டார்.

“எதுக்குப்பா தள்ளுனீங்க?”

“நீதானே ‘ஆளு’ன்னு கத்துன?”

பின்னாலிருந்து எதிரணிக்காரன் பாய்ந்து வந்தால் “ஆளு!” என்று கத்தி எச்சரிப்பது ஆட்டக்காரர்களின் வழக்கம். கேட்டவர் யோசிக்க மாட்டார், பந்தை உடனே தள்ளிவிடுவார்.

“நான் வாயே திறக்கலப்பா.”

அப்பாவின் முகம் வெளுத்தது. இந்தக் கோலுக்கு முன்னால் எப்போதும் அந்தக் குரல் கேட்கிறதாம். வெளியூர் ஆட்டங்களுக்கும் அந்தப் பயம் அவரோடு பஸ் ஏறிப் போகிறதாம். யாரிடமும் சொல்லாதே, கிறுக்கு என்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கப் போனார்.

“ஆளு!”

ஹெட்டியின் காதருகே, கரகரப்பாக. சுற்றிலும் ஒருவரும் இல்லை. அவள் எடுத்த ஓட்டம் மைதான வாசலில் இருந்த மோரீனின் தேநீர்க் கடையில்தான் நின்றது.

விஷயத்தைக் கேட்டதும் மோரீன் அடுப்பைத் தணித்தாள்.

“அது வில்ஃப் டாபின். அவரும் உங்கப்பா மாதிரி முன்னால ஆடுறவர்தான். அந்தக் கோல்கிட்டதான் பின்னாலேர்ந்து ஒருத்தன் வந்து காலை உடைச்சான். ‘ஆளு’ன்னு ஒருத்தரும் கத்தல. அதோட அவர் ஆட்டம் போச்சு. செத்ததும் சாம்பலை அங்கேயே புதைக்கச் சொன்னாரு.”

மைதானத்துக்கு வந்தால் அவர் மிளகு போட்ட சூடான மாட்டிறைச்சிச் சாறுதான் கேட்பாராம்.

ஹெட்டிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதரை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. யார் காலும் உடையக்கூடாது என்றுதானே கத்துகிறார்?

அவள் திரும்பவும் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

“மிஸ்டர் டாபின், எங்கப்பாவைப் பார்த்துக்கிறதுக்கு நன்றி. ஆனா ஆளு வந்தா மட்டும் ‘ஆளு’ன்னு சொல்லுங்க. யாரும் வரலைன்னா ‘நேரம் இருக்கு’ன்னு சொல்லுங்களேன். இல்லாட்டி நாங்க ஊரை விட்டே போகணும்.”

கோல் வலை காற்றில்லாமலே மெல்ல அசைந்தது.

சனிக்கிழமை ஆட்டம் முடியும் நேரம். இன்னும் ஒரு கோலும் விழவில்லை. பனிமூட்டத்திலிருந்து அதே ரயில் பாதைப் பக்கத்துக் கோலை நோக்கி அப்பா பந்தோடு வந்தார். ஹெட்டி கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“நேரம் இருக்கு, தம்பி.”

அப்பா நின்றார். நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அடித்தார். பந்து வலையில் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு பயிற்சியாளர் வேறு ஆளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

“கடைசியில நீதானே கத்துன?” என்று அப்பா கேட்டார்.

“நான் வாயே திறக்கலப்பா.”

எல்லாரும் கிளம்பும்போது ஹெட்டி மோரீனிடம் ஒரு கோப்பைச் சாறு வாங்கி, மிளகு தூவி, கம்பத்துக்குப் பின்னால் வைத்தாள். அப்பாவின் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தாள்.

கோப்பை காலி. அடியில் மிளகு மட்டும் ஒட்டியிருந்தது.