நிறுத்தி வைத்த மூச்சு

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்த பிறகும் அந்த மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. பெய்-ரூ முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டாள், பிறகு சன்னலுக்கு வெளியே மூன்று வாரமாக ஓயாமல் பெய்துகொண்டிருந்த கீலுங் நகரத்து மழையை, பிறகு கீழே மீன்வலைக் கடையில் ஓடும் பழைய மின்விசிறியை. கடைசியாக நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தபோதுதான் அது தன் மூச்சு என்று தெரிந்தது. ஆறு முறை இழுத்து விடுகிறாள். ஏழாவதை இழுத்து, சற்றுப் பிடித்துவைத்து, மெல்ல விடுகிறாள். மறுபடி முதலிலிருந்து. நாற்பத்தொரு நொடிக்கு ஒரு சுற்று. அவளே பதிவுசெய்து, அவளே வெட்டி ஒட்டி, விளையாட்டில் வரும் முக்குளிப்பவனுக்குக் கொடுத்த மூச்சு அது.

சிரிப்புதான் வந்தது. நாளெல்லாம் அதையே கேட்டால் உடம்பில் ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு தேநீர் போடப் போனாள்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறையில் வேலை செய்தவர்கள் இப்போது இரண்டே பேர். சத்தம் எல்லாம் பெய்-ரூ. மீதி எல்லாம் ஆ-தோங். கல்லூரியில் தொடங்கிய பதினான்கு வருட சிநேகிதம். மூன்று வருடமாக ஆ-தோங் செய்துகொண்டிருந்த, பெய்-ரூ பிறகு வந்து சேர்ந்த விளையாட்டில் ஒருவன் விளக்கோடு கடலுக்குள் இறங்குகிறான், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, சுறா துரத்தவில்லை, தோற்க வழியே இல்லை. முக்கியமாக, காற்று தீராது. அதில் ஆ-தோங் பிடிவாதமாக இருந்தான்.

"மூச்சு தீந்துடுமோங்கிற பயமே இல்லாம கடலுக்குள்ள இருந்திருக்கியா நீ? அதுக்குத்தான்டி ஜனங்க வரப்போறாங்க."

வரத்தான் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன், விலைக்கு வாங்கிய ஏதோ மூச்சுப் பதிவோடு, முன்கூட்டி ஆடிப்பார்க்கக் கொடுத்த நாற்பது பேரில் பாதிப்பேர், பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாக எழுதினார்கள். ஒரு நர்ஸ், வேலை முடிந்து வந்ததும் பச்சை இருட்டுக்குள் இறங்கி, அந்த மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சுவிடுவதாக எழுதியிருந்தாள். குறைகளும் வந்தன. நானூறு மீட்டரில் முக்குளிப்பவன் தானாகவே திரும்பிவிடுகிறான், கீழே ஏதோ இருக்கிறது, காட்ட மாட்டேன் என்கிறீர்கள் என்று பலர் கோபித்தார்கள். கீழே ஒன்றும் இல்லை. ஆ-தோங் அதற்குக் கீழே வரையவில்லை. இரண்டு மணி நேரத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோக, ஆடுபவர்கள் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுச் சமைக்கப் போனார்கள், குளிக்கப் போனார்கள். ஒருவர் இரண்டு நாள் திரும்பவே இல்லை. அவருடைய முக்குளிப்பவன் விளக்கை ஏந்தியபடி நடுத்தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது பெய்-ரூவுக்கு முதல் பயம் வந்தது. கால் ஓடியது, இதயம் தடதடத்தது, உடம்பு காற்றுக்குக் கெஞ்சியது. நெஞ்சு மட்டும் அவசரப்படவில்லை. அது தன் பாட்டுக்கு நிதானமாக ஆறு முறை இழுத்தது, ஏழாவதைப் பிடித்துவைத்தது. கண் இருட்டி, நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், படிக்கட்டுக்கு அருகில் இருந்த தொட்டியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் சொட்டும் சத்தம், கீழேயிருந்து வந்த காய்ந்த கணவாய் வாடை, விரலில் வழுக்கிய சோப்பு எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. மூச்சை இழுத்தாள். அது வெளியே வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். உள்ளே போனது போனபடியே நின்றது, ஒரு விரற்கடைகூட நகரவில்லை. டப்பா கீழே விழுந்து உருண்டது. காதுக்குள் இரைச்சல் ஏறி, கண்ணோரம் கறுத்து, சாகப்போகிறேன் என்று அவள் தெளிவாக நினைத்த நேரத்தில் மூச்சு தானாக வெளியேறியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். ஆ-தோங் வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி வர்றே?"

"இப்ப என்ன பண்ணிட்டு இருந்தே?"

"கேமைச் சரிபாத்துட்டு இருந்தேன். கூரியர்காரன் வந்தான். நிறுத்தி வச்சுட்டுக் கீழ போயிட்டு வந்தேன். ஏன்?"

அவள் விழுந்த டப்பாவை எடுக்கத் திரும்பிப் போனாள். மறுநாள் சத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று பொய் சொல்லி, தான் படிக்கட்டில் நின்றுகொண்டு, தோன்றும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னாள். மூன்று முறை நிறுத்தினான். மூன்று முறையும் அவள் மூச்சு நின்றது. மூன்றாவது தடவை அவள் சுவரைக் குத்திய குத்தில் விரல் கிழிந்தது. விளையாட்டை மூடிவிட்டால் நெஞ்சு பழைய சுற்றில் ஓடியது. நிறுத்தி வைத்தால்தான் ஆபத்து. அன்று அவன் சாப்பிடப் போன நேரத்தில், மூச்சுப் பதிவை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள். நெஞ்சில் அசைவே இல்லை. திரும்பப் போடுவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு வெளியாக இருந்தது. பதினோராயிரம் பேர் காத்திருந்தார்கள். பதினோராயிரம் பேரும் நிறுத்தி வைப்பார்கள்.

தள்ளிப்போடலாமா என்று கேட்டுப் பார்த்தாள். ஆ-தோங் சிரித்தான். "எங்கம்மா மாதிரி பேசாதே. ஏழாம் மாசம் எவனும் கடை திறக்க மாட்டான், கல்யாணம் பண்ண மாட்டான், தண்ணில கால் வைக்க மாட்டான். அதான் நான் திறக்குறேன். போட்டியே கிடையாது!"

தண்ணீரில் கால் வைக்க மாட்டான். அவள் வைத்திருந்தாள். பேய்களுக்குக் கதவு திறந்துவிடும் அந்த மாதத்தின் முதல் நாளில்தான், மைக் பொருத்திய முகமூடியோடு பக்கத்துக் கடற்குடாவில் இறங்கி அந்த மூச்சைப் பதிவுசெய்தாள். நீரில் மூழ்கிச் செத்தவர்கள் தங்கள் இடத்துக்கு இன்னொரு ஆள் கிடைக்கும்வரை அங்கேயே கிடப்பார்கள் என்று கீலுங்கில் எல்லா அம்மாக்களும்போல அவள் அம்மாவும் சொல்வாள். பெய்-ரூ அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

வியாழக்கிழமை கோ-வெய்க்குப் போன் செய்தாள். அவளுக்கு முன் சத்தவேலை செய்தவன். ஒரு வருடமாக விளையாட்டில் இருந்தது அவன் மூச்சு. நெஞ்சு சரியில்லை என்று வேலையை விட்டுவிட்டு, கடலே கண்ணில் படாத மலையூருக்குப் போய்விட்டவன்.

"கோ-வெய், உன் மூச்சு இப்ப எப்படி இருக்கு?"

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குக்கா. ஏழாம் மாசம் பொறந்த அன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து."

அவள் தன் பதிவைப் போட்டது அன்று சாயங்காலம்தான்.

"நீயும் அந்தக் குடாவுலதான் பதிஞ்சியா?"

"ஆமாக்கா. போன வருஷம், இதே மாசம்."

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க பதிஞ்சிருப்பீங்களா?" அவன் அழத் தொடங்கினான். "எனக்கு ஒரு பொண்ணு இருக்குக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

அவனை மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் சொன்னது புரிந்தது, அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை ஆ-தோங் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"உன் மூச்சுல ஒரு இழுப்பு கேக்குது. முன்ன இல்லையே. ஆளும் ஒரு மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கே. பேசாம நான் ஒண்ணு பதிஞ்சு தர்றேன். குடா பத்து நிமிஷம். மூணு மணிக்குள்ள முடிச்சிரலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் மறக்காமல் கஞ்சி கொண்டுவந்தவன் இவன். ஏழாவது மூச்சைப் பிடித்துவைக்கும் இடம் அப்போது வந்தது, பேச முடியவில்லை. அது தாண்டிப்போன பிறகும் அவள் பேசவில்லை.

குடாவில் ஈ காக்கை இல்லை. கரையெல்லாம், நல்ல அண்ணன்மார் என்று பயந்து பெயர் மாற்றிச் சொல்லும் பேய்களுக்கு எரித்த காகிதக் காசு பாதி கருகி மழையில் ஊறிக்கிடந்தது. டீசலும் அழுகிய பாசியும் கலந்த வாடை. பெய்-ரூ பாறையில் குடை பிடித்து ஹெட்போனோடு நின்றாள்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்குடி!" என்று கத்திவிட்டு ஆ-தோங் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு அமிழ்ந்தான்.

ஹெட்போனில் அவன் மூச்சு வந்தது. அகலமான, ஆரோக்கியமான மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு அடியில் மெல்லியதாக இன்னொரு மூச்சு. அதில் ஓர் இழுப்பு இருந்தது. அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. கரையில் நின்றிருந்த அவளுடைய மூச்சு, நீருக்கடியிலிருந்து அவளுக்கே கேட்டது. நான்கு. ஐந்து. மெல்லியது தேய்ந்தது. ஆறு. ஏழாவதை அவன் இழுத்துப் பிடித்தபோது, அவன் மூச்சு மட்டும்தான் இருந்தது.

மூன்றே முக்காலுக்கு அவள் புதிய சுற்றை வெட்டி ஒட்டி, பழையதன் இடத்தில் போட்டாள். சேமித்த அந்தக் கணம் நெஞ்சு விட்டுக்கொடுத்தது. ஒரு பெரிய மூச்சு, கோணல்மாணலாக, அவள் இஷ்டத்துக்கு. பிறகு அவசரமாக மூன்று. பிறகு ஒரு விக்கல். மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சந்தோஷத்தில் அழுதாள். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஏய், கேம் முடிஞ்சதுக்கா இந்த அழுகை?" ஆ-தோங் அவள் முதுகில் தட்டினான். "படியேறினதுல எனக்குத்தான் மூச்சு முட்டுது. வயசாயிடுச்சுடி."

ஐந்து மணி. பொத்தானை அழுத்தினான். திரையின் மூலையில், இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை. பன்னிரண்டு. தொண்ணூறு.

ஆ-தோங் கைதட்டினான். தெருக்கடையில் வாங்கிவந்திருந்த மீன் உருண்டை சூப்பைத் திறந்தான். ஆவி எழுந்தது. கரண்டியால் ஓர் உருண்டையை எடுத்து ஊதினான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஊதியது பாதியில் நின்றது.

மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது.

"பெய்-ரூ..." என்றான். அதற்குமேல் காற்று இல்லை.

உருண்டை சூப்பில் விழுந்தது. ஈரச்சட்டை அவன் மார்போடு ஒட்டியிருந்தது. அதற்கடியில் எல்லாம் தெரிந்தது. நெஞ்சு இழுக்கத் தொடங்கி, இழுத்து முடிக்குமுன் விட்டது. விடுமுன் இழுத்தது. நடுவில் நின்றது. துடித்தது. எங்கோ ஒருவர் இப்போதுதான் இறங்குகிறார். எங்கோ ஒருவர் அடுப்பை அணைக்கப் போகிறார். எங்கோ ஒருவர் திரும்பி வருகிறார். ஒரே நெஞ்சு அத்தனை பேருக்கும் ஓடப் பார்த்தது.

எழுநூறு.

இடது விலா ஏறியது. வலது விலா இறங்கியது.

அவன் அவளையே பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை. பதினான்கு வருடமாகப் பார்க்கிற பார்வை. அவள் ஏதாவது செய்வாள் என்று நம்புகிற பார்வை.

அவள் கை தானாகத் திரையை நோக்கி நீண்டது. எதை அழுத்துவது? எதை எடுத்தாலும் அவன் மூச்சு நின்றுவிடும்.

ஆயிரத்து நூற்று நாற்பது.

ஸ்பீக்கரில் முக்குளிப்பவன் நிதானமாக மூச்சுவிட்டபடி நீல இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு முன்னால் அந்த மூச்சுக்குச் சொந்தக்காரன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் சட்டைக்குள் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள், நிறுத்தி வைத்தார்கள்.