எறும்பு ஏறிய சுவர்

விஜயராகவன் ஐந்தரைக்கு எழுந்தார். பால் காய்ச்சினார். ஒரு டம்ளர் காபி குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

வந்தவர் அம்சவள்ளி. கச்சிராயபாளையம் சாலையிலுள்ள பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அவர் உட்காரவில்லை.

"பழைய கட்டடத்தோட அடிக்கல்லைக் காணோம் சார். கட்டின வருஷத்துக்கு அது ஒண்ணுதான் சான்று. பதினோரு மணிக்குப் பாரம்பரியக் கட்டடக் குழு வருது. நூறு வருஷம் தாண்டினதுன்னு காட்டலைன்னா இடிச்சிடுவாங்க."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"சனிக்கிழமை சாயந்திரம். நேத்து லீவு."

பக்கத்து ஜெராக்ஸ் கடை சரத்குமார் அதற்குள் காரைக் கிளப்பியிருந்தார். விஜயராகவன் துப்பறியப் போகும் எந்த வழக்கையும் அவர் விட்டதில்லை. "இதுல யோசிக்க இன்னா இருக்குது சார்? இடிச்சா புதுசு கட்டப்போறது கான்ட்ராக்டர் இளவரசன். அவன்தான்."

பழைய கட்டடத்தின் முன் இறங்கினார்கள். கருங்கல் அடித்தளம். பதினேழு வளைவுகள். மலையிலிருந்து இறக்கிய தேக்கு உத்தரங்கள். மண்டபத்தில் காவி நிறத் தரை, வெள்ளையடித்த சுண்ணாம்புச் சுவர். கல் ஒரு விரற்கடை உள்ளடங்கிப் பதிந்திருந்த இடத்தில் இப்போது வெறும் சுவர்.

இளவரசன் அங்கேயே நின்றிருந்தார். "நாலு ஆளு தூக்குற கல்லு சார். என் பாக்கெட்லயா இருக்குது? தடவிப் பாத்துக்குங்க."

அருகில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெரியநாயகி, மலைக்காரப் பெண், வாளியோடு ஒதுங்கினாள். இந்த மண்டபத்துச் சுவர்களைத் தை மாதம் பூசி முடித்தவள் அவள்தான் என்றார் அம்சவள்ளி. அவளுடைய விரல் நுனிகள் கறுத்திருந்தன.

விஜயராகவன் குந்தித் தரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். எறும்பு வரிசை ஒன்று மேலேறி, மார்பளவு உயரத்தில் சதுரமாகப் பரவியிருந்தது. அந்த இடத்தைத் தொட்டார். குளிர்ந்திருந்தது.

"எறும்ப பாத்துக்கினு நிக்கிறீங்களே சார், மணி ஒம்பதரை!" என்றார் சரத்குமார்.

"கல் எங்கேயும் போகல சரத். நாலு ஆள் இறக்கியிருந்தா தரையில ஒரு கீறலாவது விழுந்திருக்கும். சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் சேர்ப்பாங்க. தை மாசத்துப் பூச்சு காய்ஞ்சு போச்சு, அதை எறும்பு சீண்டல. இந்த ரெண்டு முழத்துக்கு மட்டும் வருதுன்னா, இது நேத்துப் பூசினது. இளவரசன் ஆளுங்களுக்கு சிமெண்ட் மட்டும்தான் தெரியும்." அவர் திரும்பினார். "கடுக்காய்க் கறை இன்னும் விரல்ல இருக்கேம்மா."

பெரியநாயகி வாளியை வைத்தாள். பூச்சுக் கரண்டியை எடுத்துவந்து சுரண்டினாள். முதலில் 1921 தெரிந்தது. அதன் கீழே ஒன்பது கொத்தனார்களின் பெயர்கள்.

"சனிக்கெழம இவரு ஆளுங்க கடப்பாரையோட வந்து அளந்துக்கினு இருந்தாங்க. திங்கக்கெழம காலையில பேத்துடலாம்னு பேசிக்கினாங்க. அதான் நேத்து பூசி மறச்சிட்டேன். இவரு இங்கயே நின்னா நான் எப்டி வாயத் தொறக்கறது?"

இளவரசன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது அடிக்கவே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் சரத்குமார்.

"பாதி சொன்னீங்க."

பதினோரு மணிக்குக் குழு வந்தது. கல்லைப் படம் எடுத்தது, அளந்தது, கையெழுத்திட்டது. கட்டடம் நிற்கும்.

அம்சவள்ளி முந்தானையால் கல்லில் மிச்சமிருந்த சுண்ணாம்பைத் துடைத்தார். சிரித்தார். "சனிக்கிழமையே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே, பெரியநாயகி?"

"பண்ணா நீங்க ஒரு லெட்டர் எழுதுவீங்கம்மா. அது மேல போய்க்கினு இருக்கசொல்ல, கல்லு சின்னசேலம் தாண்டியிருக்கும்."