நீலத்தில் ஒரு கட்டை விரல்

அன்று மாலை ஐந்து மணிக்குக் கேப்டன் வீட்டு மாடிப்படியில் இருந்தவர்கள்...

கேப்டன். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. அந்த விநாடியில் அவர் படியில் இல்லை. காற்றில் இருந்தார்.

பாலிஷ் மாஸ்டர். விலை உயர்ந்த மடக்குக் கத்திகளின் டைட்டேனியம் கைப்பிடிகளுக்கு மெருகும் நிறமும் ஏற்றுகிறவன். நீட்டிய வலது கையை இன்னும் மடக்கவில்லை.

ஒரு மடக்குக் கத்தி. கேப்டனின் சட்டைப் பையில். அதை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று கதை முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

வேறு யாரும் இல்லை.

தொம்..!

பதினான்கு படிகள். கீழே கேப்டனின் தலை, தலை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

மாஸ்டர் இறங்கினான். அவரைத் தாண்டினான். கத்தியை எடுக்கலாமா என்று குனிந்தான். தெருவில் யாரோ இருமினார்கள்.

ஓடிவிட்டான்.

காரணம்? ஒரு போன் அழைப்பு!

கேப்டனின் கத்திக் கைப்பிடியை ஆசிட்டில் போட்டுவிட்டுப் பேசப் போனவன், பேச்சு சுவாரசியத்தில் நேரத்தை விட்டுவிட்டான். திரும்பி வந்தபோது கைப்பிடி அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகியிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டைட்டேனியம் தகட்டில் அதே அளவில் புதிதாக வெட்டி, அதே நீலத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

ஒன்றை மறந்தான். அசல் கைப்பிடியின் உள்பக்கம், தயாரித்தவன் பொறித்த நம்பர்!

எண்ணெய் விடக் கழற்றிய கேப்டன் பார்த்துவிட்டார். மாஸ்டரைத் தன் வீட்டு மாடிக்கு வரச் சொன்னார்.

"என் கத்தி எங்கேடா?"

"உங்க கைலதான் சார் இருக்கு."

"கப்பல்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன்டா நான். என்கிட்டயே கதை விடறியா? உள்ள நம்பர் எங்க? நாளைக்குக் காலைல இந்த மாதிரிக் கத்தி வெச்சிருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் போன் போடறேன். அப்புறம் ஒரு பய உன் கடை வாசலை மிதிக்க மாட்டான்!"

சொல்லிவிட்டுப் படியிறங்கத் திரும்பினார்.

அவ்வளவுதான்.

கால் தவறி விழுந்ததாகப் போலீஸ் எழுதியது. ஃபைலை மூடியது. மாஸ்டர் மட்டும் மூடவில்லை. குழாய் சொட்டினால்கூட எண்ணினான். ஒன்று... இரண்டு... பதினான்கில் வியர்த்தான். எழுந்து போய்க் கையைக் கழுவினான்.

ஆறு வாரம் கழித்துப் பட்டறைக் கதவு திறந்தது.

கேப்டனின் மகள். பல் டாக்டர். மேசை மேல் அவள் வைத்த பொருளைப் பார்த்ததும் மாஸ்டர் ஓர் அடி பின்வாங்கினான்.

அதே கத்தி!

"அப்பா கூடவே விழுந்தது மாஸ்டர். கைப்பிடி முழுக்கக் கீறல். பழையபடி நீலமாக்கிக் கொடுங்க. வேற யாரையும் இதைத் தொட விட மாட்டார் அவர். உங்களுக்கே தெரியும்."

"தெ... தெரியும் டாக்டரம்மா."

"எப்ப வரட்டும் மாஸ்டர்?"

"வெள்ளிக்கிழமை வாங்கம்மா. மத்தியானம்."

அவள் போனதும் பயம் வடிந்தது. மூளை வேலை செய்தது. ஆசிட்டில் கெட்ட பழைய கைப்பிடி இழுப்பறையில்தான் கிடந்தது. நம்பர் இன்னும் அதில் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்து, புதியதின் உள்பக்கம் அதே நம்பரைப் பொறித்தான்.

ஆக, உலகத்தில் இருந்த ஒரே சாட்சியும் காலி! வேலை முடிந்ததும் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டால் தீர்ந்தது.

விசில் அடித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தான்.

கீறல்களைத் தேய்த்தான். கையுறை போட்டுக்கொண்டு தின்னரால் துடைத்தான். ஆசிட்டில் காட்டிக் கழுவினான். கைப்பிடியின் தலைப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக் கம்பியில் மாட்டினான். கரைசலில் இறக்கி மின்சாரத்தை ஏற்றினான்.

டைட்டேனியத்துக்குப் பெயின்ட் தேவையில்லை. வோல்ட் ஏற ஏற, நிறம் தானே மாறும். வெண்கலம்... ஊதா... நீலம்...

மாஸ்டரின் விசில் நின்றது.

நீலத்தின் நடுவே ஒரு கறை. குனிந்து பார்த்தான்.

கறை இல்லை. ரேகை! சுழி சுழியாக, வெண்கல நிறத்தில், ஒரு கட்டை விரல் ரேகை!

கத்தியைத் திறக்கும்போது கேப்டன் கட்டை விரலை ஊன்றுவாரே... சரியாக அதே இடத்தில்!

"என்னங்க?" மனைவி எட்டிப் பார்த்தாள். "பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல போ."

நிறத்தை ஆசிட்டில் கரைத்தான். மறுபடி தேய்த்தான். அன்று மட்டும் பதினோரு தடவை கை கழுவினான்.

"சோப்புக் கம்பெனிக்காரன் உங்களை நம்பியே ரெண்டாவது மாடி கட்டிடுவான் போலிருக்கு. கையக் காட்டுங்க... அய்யய்யோ, வெடிச்சு ரத்தம் வருதே! இந்தாங்க களிம்பு. எண்ணெய்ப் பசை ஏறினாத்தான் ஆறும். நல்லா அழுத்தித் தேய்ங்க."

தேய்த்தான்.

"அந்தக் கிளவுஸையாவது மாத்தித் தொலைங்களேன். ரெண்டு மாசமா அதே ஜோடி. நாறுது."

"ராசியான ஜோடிடி. உனக்குத் தெரியாது."

மறுநாள் காலை. தின்னர்... ஆசிட்... கம்பி... கரைசல்... வெண்கலம்... ஊதா... நீலம்...

ரேகை!

இந்த முறை இன்னும் தெளிவாக!

"சார்... வேணாம் சார்..." மாஸ்டர் கரைசல் தொட்டியிடம் முனகினான். "போய்டுங்க சார்..."

குழாய் சொட்டியது. ஒன்று... இரண்டு... மூன்று...

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது முறை. உலகத்தில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டுத்தான் மின்சாரத்தைப் போட்டான்.

கேப்டன் யாருக்கும் பயப்படவில்லை. மூன்றாவது முறையும் வந்தார்!

"மாஸ்டர்..?"

வாசலில் டாக்டர்! மணி பன்னிரண்டு ஆகிவிட்டிருந்தது.

"முடிஞ்சுதா? அட, கம்பியிலயே தொங்குது. என்ன அது நடுவுல... ரேகை மாதிரி? யாரோட..."

அவள் பார்வை கைப்பிடியிலிருந்து அவன் கைக்கு வந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்.

மாஸ்டர் உடைந்தான்.

"உங்கப்பாவோடதும்மா!"

"என்ன?"

"தேய்க்கத் தேய்க்க வர்றாரும்மா! ரெண்டு தடவை அழிச்சேன், மூணாவது தடவையும் வந்துட்டாரு. என்னை விடச் சொல்லுங்கம்மா! அவரு கால் தவறி விழல. நான்தான் தள்ளினேன். கத்தியைக் கெடுத்துட்டு டூப்ளிகேட் மாட்டினேன், கண்டுபிடிச்சுட்டாரு. பழசு அந்த இழுப்பறையில கிடக்கு. ஒரே ஒரு தள்ளு... பதினாலு படிம்மா... எனக்குத் தூக்கமே போச்சும்மா!"

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கைப்பையில் போனைத் தேட மூன்று முறை கையை விட வேண்டியிருந்தது. எடுத்தாள். போலீஸிடம் பேசினாள். வைத்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க வலது கைக் கட்டை விரலைப் பாருங்க."

பார்த்தான்.

தின்னர் தின்று தின்று, கையுறையின் கட்டை விரல் நுனி முழுசாகப் போயிருந்தது. ஓட்டை வழியே அவன் விரல் எட்டிப் பார்த்தது. வெடித்து, மரத்துப் போய், களிம்பில் பளபளத்துக்கொண்டு!

எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் சரியாக ஏறாது. இருபது வருடமாக அவன் வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பித்த முதல் பாடம்!

"தினமும் இருபது பேர் வாயில கை விடறவ நான். ஒரு ஆளுக்கு ஒரு ஜோடி. ஓட்டை கிளவுஸ் வாசல்ல இருந்தே என் கண்ணுல படும்." அவள் கைப்பையை மூடினாள். "'கிழிஞ்சிருக்கு, மாத்துங்க மாஸ்டர்'னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தான். வாசலில் மனைவி, களிம்பு டப்பாவைப் பிடித்தபடி, அசையாமல் நின்றாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவன் கட்டை விரலை மையில் அழுத்திக் காகிதத்தில் உருட்டினார். கைப்பிடியைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

"உன்னோடதேதான்யா. ஒரு கோடு பிசகல."

"சார்... அப்ப அவரு வரவே இல்லையா?"

"செத்தவருக்கு வேற வேலை இல்லையா? நாங்களே அந்த ஃபைலை மூடி, மேல நாலு ஃபைலை அடுக்கிட்டோம். நீ வாயை மூடிக்கிட்டு, ஒரு புது ஜோடி கிளவுஸ் வாங்கியிருந்தா... சரி, எழுந்திரு."

லாக்கப்புக்குள் போனவன் திரும்பினான். வலது கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"சார்... கை கழுவணும். கொஞ்சம் சோப்பு கிடைக்குமா?"

இன்ஸ்பெக்டர் கம்பிக் கதவை இழுத்து மூடினார். சாவியைத் திருகினார்.

"எதுக்குய்யா? இங்க நீ எதைத் தொட்டாலும் கலர் மாறாது!"