என்ர ராசா, ஓடி வா!

“அந்தச் சட்டியில கை வைக்காத!”

நாகபூசணி போட்ட சத்தத்தில், பால் போத்தலைத் திறந்துகொண்டிருந்த கஜந்தியின் கை அப்படியே நின்றுவிட்டது. புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கிரான்பர்னில் புதிதாகக் கட்டி முடித்த வீட்டில் அன்று பால் காய்ச்சு. டான்டினோங் கடைகளில் தேடிப்பிடித்த மாவிலை வாசலில் தொங்கியது. குசினி அடுப்படியில் கோலம் கூடப் போட்டாகிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் சொந்தக்காரர் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

“ஏன் மச்சாள்? என்ன நடந்தது?”

“என்ன நடந்ததோ? வெக்கமில்லாமல் கேக்கிறியே! உன்ர கையால பால் பொங்கினா இந்த வீடு விளங்குமோ?”

நாகபூசணி, கஜந்தியின் கணவன் சுகிர்தனுக்கு அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியையும் தங்கையையும் வளர்ப்பதற்காகத் தனக்கு வந்த கல்யாணத்தை வேண்டாமென்று தள்ளியவள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவள் கைப்பேசியைக் கஜந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். லிட்கமில் இருக்கும் தங்கை சுஜீவா, குடும்பத்து வாட்ஸ்அப் குறூப்பில் விடிந்ததும் விடியாததுமாக ஒரு வீடியோவைப் போட்டிருந்தாள். கீழே ஒரு கேள்வி வேறு. ‘இது எங்கட கஜந்தி அண்ணிதானே?’

ஓடுகிற ஜீப் ஒன்று. ஓட்டுபவர் வெள்ளை அங்கி போட்ட ஓர் அரபுக்காரர். பக்கத்துச் சீற்றில் இளவயதுக் கஜந்தி. கண்ணாடிக்கு வெளியே ஒரே புழுதி, வேறொன்றும் தெரியவில்லை. எதையோ வாயருகே பிடித்துக்கொண்டு அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள்.

“என்ர ராசா... ஓடி வாடா என்ர தங்கம்! நிக்காத... நிக்காத! இண்டைக்கு உன்ர கழுத்தில என்ர கையால குங்குமப்பூப் பூசுவன். ஓடி வா ராசா!”

அவ்வளவுதான் வீடியோ.

“ஆரடி இந்த ராசா?”

கஜந்திக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. அவள் ஹோல் பக்கம் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். சாமிப்படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த சுகிர்தன் சுத்தியலை நிறுத்தியிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்துதான் இருந்தது. ராசா யாரென்று அவனுக்குத் தெரியும். தெரியுமாவது! ஜீப்பின் பின்சீற்றிலிருந்து அந்தப் படத்தை எடுத்ததே அவன்தான்.

ராசா ஓர் ஒட்டகம்.

‘அது ஒட்டகம் அக்கா’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன செலவு? ஆனால் சுகிர்தனின் வாயிலிருந்து அது வரவில்லை.

இந்த ஆண்பிள்ளையின் வீரத்தைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். டோஹாவில் எண்ணெய்க் கம்பனியில் சூப்பர்வைசர் என்று அக்காவுக்குச் சொல்லி, அந்தப் பேரிலேயே கல்யாணமும் கட்டிக்கொண்டவன் அவன். கஜந்தி அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு ஒட்டகப் பண்ணையில் வேலை என்று. அவள் அழுதாள். வேலைக்காக அழவில்லை, பொய்க்காக அழுதாள். “அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது. எனக்காகத் தன்ர வாழ்க்கையை விட்டவள். தம்பி ஒட்டகம் மேய்க்கிறான் எண்டு கேள்விப்பட்டா உடைஞ்சு போவாள்” என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினான். சொல்லமாட்டேன் என்று அவளும் சத்தியம் பண்ணிக்கொடுத்தாள். அதே பண்ணையில் சமையலுக்கும் போனாள். தாய் செத்துப்போன ஓர் ஒட்டகக் குட்டிக்குப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தாள். பண்ணைக்காரக் கிழவர் அதற்கு ஏதோ அரபுப் பெயர் வைத்திருந்தார். அதுவோ ராசா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தது.

ஒட்டக ஓட்டம் அரபுக்காரருக்குப் பாட்டன் பூட்டன் காலத்துப் பெருமை. முன்னர் சின்னப் பிள்ளைகளை முதுகில் ஏற்றி ஓடவிட்டார்கள். அந்தக் கொடுமையைச் சட்டம் போட்டு நிறுத்திய பிறகு, ஒரு சிறிய இயந்திரத்தைத்தான் மேலே கட்டுகிறார்கள். அதில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். ஓட்டப் பாதைக்குப் பக்கத்தில் ஜீப்பில் துரத்திக்கொண்டே ஒட்டகத்தின் சொந்தக்காரர் வோக்கிடோக்கியில் கத்துவார். அந்தக் குரல் ஒட்டகத்தின் காதடியில் கேட்கும். ராசா கிழவரின் குரலுக்கு அசையவே இல்லை. “பால் கொடுத்தவள் கூப்பிடட்டும்” என்று அவர் கஜந்தியை ஜீப்பில் ஏற்றினார். வென்ற ஒட்டகத்தின் தலையிலும் கழுத்திலும் குங்குமப்பூவைக் கரைத்துப் பூசுவது அவர்கள் வழக்கம். அன்று பூசியது கஜந்தியின் கை.

அன்று கிழவரின் கைப்பேசியில் எடுத்த அந்தப் பழைய வீடியோவை அவர் மகன் இப்போது பெருமையாக இணையத்தில் போட்டிருக்கிறான். கீழே அரபியில் எல்லாம் விளக்கமாக எழுதியும் இருக்கிறது. அவள் தமிழில் கூப்பிட்டது, தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்காமல் போய்விட்டது!

“வாயில என்ன கொழுக்கட்டையோ? சொல்லன்!” நாகபூசணி விடுவதாயில்லை. “என்ர தம்பி எண்ணெய்க் கம்பனியில வெயிலுக்க கிடந்து காய, நீ கண்டவனோட ஜீப்பில ஏறி ராசாவைத் தேடிப் போயிருக்கிறாய்!”

“மச்சாள், வார்த்தையை அளந்து பேசுங்கோ!” கஜந்தி கணவன் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்கோ... இதைக் கேட்டுக்கொண்டுதானே நிக்கிறியள்?”

சுகிர்தன் விழாத ஆணியைத் தேடிக் குனிந்தான்.

சத்தம் கேட்டு மகள் தாரிணி பாதி கட்டிய சேலையோடு படியிறங்கி ஓடி வந்தாள். யூனிவர்சிட்டியில் படிக்கிறவள். மாமியின் கையிலிருந்த கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறிப்போனது.

“அம்மா... ஹூ இஸ் ராசா?”

மச்சாளின் பேச்சை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். பெற்ற பிள்ளை கண்ணில் சந்தேகத்தோடு இப்படிக் கேட்டதைக் கஜந்தியால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் ஒரு நொடியில் முடித்துவிடலாம். ஆனால் அவள் ஏன் சொல்ல வேண்டும்? பொய் சொன்னது ஒருத்தன், அதைக் கட்டிக் காத்தது அவள். இப்போது தன் மானத்துக்கும் தானே சாட்சி சொல்லவேண்டுமா?

“அப்பாவைக் கேள்” என்றாள்.

“அப்பா?”

சுகிர்தன் தொண்டையைச் செருமினான். “ஆக்கள் வரப்போயினம். இதைப் பிறகு கதைப்பம்.”

“பாத்தியோ, என்ர தம்பியின்ர குணத்தை! உன்ர மானத்தை இப்பவும் மறைக்கப் பாக்கிறான். நீ மேல போய் அறைக்குள்ள இரு. நானே பாலைக் காய்ச்சுறன். கேக்கிற ஆக்களுக்கு உனக்குச் சுகமில்லை எண்டு சொல்லுறன்.”

“கஜந்தி... கொஞ்ச நேரம் மேல இருமன்” என்றான் சுகிர்தன்.

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

“என்ன சொன்னியள்? நான் மேல போய் ஒளிச்சிருக்கட்டோ? நானோ!” கஜந்தி ஹோலுக்குள் வந்து அவனுக்கு முன்னால் நின்றாள். “இந்த வீடு எழும்புறதுக்கு முதியோர் இல்லத்தில இரவிரவா நிண்டு கழுவித் துடைச்சவள் நான். உங்கட பேர் கெடக்கூடாது எண்டு, பெத்த பிள்ளைக்குக்கூட உண்மை சொல்லாமல் இருந்தவள் நான்! அந்த வாயில்லாச் சீவன்... நான் குடுத்தது கொஞ்சப் பால். அதுக்கு என்ர குரல் கேட்ட உடனே புழுதியைக் கிழிச்சுக்கொண்டு ஓடி வந்தது. உங்களுக்கு நான் என்ர வாழ்க்கையைக் குடுத்தனான். கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறன்... நீங்கள் ஏன் வரேல்லை?”

“என்ன சீவன்? இவள் என்ன சொல்லுறாள்?” நாகபூசணி தம்பியைப் பார்த்தாள்.

சுகிர்தன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“ஒட்டகம் அக்கா... ராசா எண்டது ஒட்டகம். ரேஸ் ஒட்டகம். நான்... நான் கம்பனியில வேலை செய்யேல்லை. ஒட்டகம் பாத்தனான். அது இவளின்ர குரலுக்குத்தான் ஓடும். பின்சீற்றில இருந்து படமெடுத்ததும் நான்தான்.”

“நீயோ எடுத்தனீ?”

“ஓம்.”

“எடுத்துப்போட்டு, நான் இவளை இந்தப் பேச்சுப் பேச... பாத்துக்கொண்டு நிண்டனியோ?”

“உனக்கு அவமானமா இருக்கும் எண்டு...”

நாகபூசணியின் கை அவன் தோளில் பளாரென்று விழுந்தது. “நான் ஊரவையின்ர வெங்காயத் தோட்டத்தில புல்லுப் பிடுங்கியடா உன்னை வளத்தனான்! அது உனக்கு அவமானமா இருந்ததோ? இல்லையே! பிறகு ஒட்டகம் மட்டும் எனக்கு எப்பிடியடா அவமானம்? எனக்கு இப்பதான் அவமானம்! கட்டினவளைக் கழுவில ஏத்தேக்க ஆணி தேடின உன்னையோடா நான் வளத்தனான்?”

அவள் கஜந்தியின் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரம் கத்திய வாய் கோணியது.

“பிள்ளை... என்ர வாய் அழுகிப் போகும்...”

“நீங்கள் என்னட்டை ஒருக்கா ஒழுங்காக் கேட்டிருக்கலாம் மச்சாள்.” கஜந்தி அசையாமல் நின்றாள். “இவ்வளவு காலம் ஒரே உலையில சோறு திண்டிருக்கிறம். என்னை உங்களுக்குத் தெரியாதோ?”

நாகபூசணி கிட்ட வந்தாள். அவள் கஜந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். அந்தச் சூடான கண்ணீர் பட்டதும் கஜந்திக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மச்சாளின் தோளில் சாய்ந்து, தன் தாய் செத்த அன்று அழுததுபோல அழுதாள். “சொறி அம்மா... ஐ’ம் ஸோ சொறி” என்று தாரிணி பின்னாலிருந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ள யாருமில்லாமல் நின்றவன் சுகிர்தன் ஒருத்தன்தான்.

வாசல் மணி அடித்தது.

“நான் திறக்கிறன்” என்று நழுவப் பார்த்தவனைக் கஜந்தி மறித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“குறூப்பில எல்லாரும் பாத்திட்டினம். வாற ஆக்கள் எல்லாரும் என்னைப் பாக்கத்தான் வருவினம், வீட்டைப் பாக்க இல்லை. உள்ளுக்க வந்த உடனே நீங்கள் வாயைத் திறந்து சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் நான் அடுப்பு மூட்டுவன்.”

சுகிர்தன் சொன்னதை, வந்தவர்கள் வந்த இடத்தில் நின்றபடியே கேட்டார்கள். முதல் வசனத்திலிருந்து கடைசி வரைக்கும் அவன் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். “என்னது, ஒட்டகமோ?” என்று வந்தவர்களில் ஒருவரான தருமராசா அங்கிள் பெரிதாகச் சிரித்தார். “எண்ணெய்க் கம்பனி எண்டு அக்கா அளந்தது இந்த ஒட்டகக் கம்பனியைத்தானோ?”

“ஓம், ஒட்டகம்தான்!” நாகபூசணி சீறிக்கொண்டு முன்னால் வந்தாள். “அரபு நாட்டுப் பெரிய மனுசர் மடியில வச்சு வளக்கிற ஒட்டகம். என்ர தம்பி பாத்தது, என்ர மச்சாள் பால் குடுத்தது. சிரிக்க வந்தனீங்களோ, வீடு பாக்க வந்தனீங்களோ?”

அங்கிள் வாயை மூடிக்கொண்டார். தாரிணி கைப்பேசியில் அந்த வீடியோவைத் திரும்பவும் போட்டாள். இந்த முறை அந்தக் குரலைக் கேட்டவர்கள், புழுதிக்குள் ஒட்டகத்தைத் தேடினார்கள். வந்திருந்த சின்னப் பிள்ளைகள் “ரன் ராசா, ரன்!” என்று ஹோலைச் சுற்றி ஓடத் தொடங்கினார்கள். நாகபூசணி தன் கையாலேயே சட்டியை எடுத்துக் கஜந்தியிடம் கொடுத்தாள். பால் பொங்கி வழிந்தது.

எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் போன பிறகு, சுகிர்தன் மெல்லக் குசினிக்குள் வந்தான்.

“கஜந்தி... இன்னும் கோவமோ?”

“ஓம்.”

“நான்தான் எல்லாருக்கும் சொல்லிட்டனே.”

“நான் கேட்ட பிறகு சொன்னியள்.” அவள் திரும்பிப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்தாள். கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது, குரலில் மட்டும் அது இல்லை. “இந்தக் கோவம் லேசில முடியாது. இந்த முறை எங்கயும் நழுவாமல், அது முடியுமட்டும் எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ.”

சுகிர்தன் நின்றான்.