குச்சி இறங்காத இடம்

எமெட் திபோவிடம் கோட் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும் கோட். அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் அதைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்ததும், கோரா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. டாக்டர் ஸ்லேட்டரப் பாக்கப் போறோம்ல? டிவியில வர்றவங்கள நேர்ல பாக்கறப்ப ஒரு மரியாதை வேண்டாமா? நல்லா இல்லையா?"

"நல்லாதான் இருக்கு. ஒரு பட்டன் காணோம்."

"கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா தெரியாது."

டாக்டர் இமோஜன் ஸ்லேட்டர் விஞ்ஞானி. வெள்ளிக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் வருவார். ஒரு சாதாரணச் சமையலறையில் நின்றுகொண்டு, பாத்திரங்களை வைத்தே மின்னலும் எரிமலையும் செய்து காட்டுவார். பதினொரு வயதுக் கோராவுக்கு அவர் என்றால் உயிர். அப்படிப்பட்டவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் இந்த மலைப்பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்குப் பேச வருகிறார். அனுமதி இலவசம். 'நமக்கு எப்படித் தெரியும்?' என்பது தலைப்பு. கோரா மூன்று வாரமாக அவரிடம் கேட்க ஒரு கேள்வியை எழுதி எழுதி அடித்து, கடைசியில் ஒரு சின்ன அட்டையில் அழகாக எழுதி வைத்திருந்தாள். 'மீனுக்குத் தாகம் எடுக்குமா?'

எமெட் வார நாட்களில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஆலையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். "தண்ணி பாக்கற எமெட்டா?" என்றுதான் கேட்பார்கள். கிணறு தோண்ட நினைப்பவர்கள் முதலில் அவருக்குத்தான் போன் செய்வார்கள். அவர் ஆப்பிள் மரத்தின், இரண்டாகப் பிரியும் கவைக்குச்சி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். ஓரிடத்தில் குச்சியின் நுனி சடாரென்று கீழே இறங்கும். உடனே கோரா ஓடிப்போய் அங்கே ஒரு முளையை அடிப்பாள். அங்கே தோண்டுவார்கள். தண்ணீர் வரும்.

அதற்கு அவர் பணம் வாங்குவதில்லை. வாங்கக் கூடாது என்பது குச்சி பிடிப்பவர்களின் வழக்கம். ஆனால் வீட்டுக்கார அம்மா ஒரு புட்டி மேப்பிள் மரத்துப் பாகு கொடுத்தால் வேண்டாமென்றும் சொல்வதில்லை. திபோ வீட்டு அலமாரியில் பாகுப் புட்டி வைக்க இடமில்லாமல் போய்ப் பல நாள் ஆகிறது.

கல்லூரி அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. முன்கூட்டியே வந்தவர்கள் வராதவர்களுக்காக நாற்காலிகளில் கோட்டுகளைப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். ஒரு தாத்தா தன் கோட்டை ஒரு நாற்காலியிலும், தொப்பியை ஒன்றிலும், கழுத்துத் துண்டை மூன்றாவதிலும் போட்டுவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். கோராவின் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, கழுத்துத் துண்டையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் இரண்டு இடம் கிடைத்தது. கோராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

டாக்டர் ஸ்லேட்டர் வந்தார். தொலைக்காட்சியில் இருப்பதைவிடக் குள்ளமாக இருந்தார். ஆனால் பேச ஆரம்பித்ததும் அது மறந்துபோனது.

"யார் என்ன சொன்னாலும் உடனே நம்பாதீங்க. உடனே தள்ளியும் விடாதீங்க. 'உனக்கு எப்படித் தெரியும்'னு கேளுங்க. நான் சொன்னாலும் கேளுங்க. முக்கியமா, நான் சொன்னா கேளுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எமெட் கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். "நல்லாப் பேசறாங்கல்ல?" என்று கோராவின் காதில் கிசுகிசுத்தார்.

பிறகுதான் அது நடந்தது. டாக்டர் ஸ்லேட்டர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கவைக்குச்சியை எடுத்தார்.

"இதுல நிலத்தடித் தண்ணி தெரியும்னு இன்னிக்கும் நம்பற ஆளுங்க இருக்காங்க, தெரியுமா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, குச்சியை நீட்டிக்கொண்டு, மேடையில் தள்ளாடித் தள்ளாடி நடந்தார். குச்சி அவர் மேசைமேல் இருந்த கோப்பையைத் தொட்டது. "வந்துடுச்சு! தண்ணி! அடடா, இது என் காபி!"

அரங்கமே குலுங்கியது. கோராவும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள்.

பாதிச் சிரிப்பில்தான் அவளுக்கு உறைத்தது. மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

எமெட் கோபமாக இல்லை. லேசாகப் புன்னகை செய்துகொண்டிருந்தார். தெரியாத வீட்டு விருந்தில் என்ன செய்வதென்று புரியாதவர்கள் செய்யும் புன்னகை. காது மட்டும் சிவந்திருந்தது. பின்வரிசையில் ஒரு பெண், "பாவம், இப்பவும் இதெல்லாம் நம்பறாங்களா!" என்றாள்.

எமெட் எழுந்தார். "கோரா, நான் வண்டியில இருக்கேன். நீ முடிச்சிட்டு மெதுவா வா."

"அப்பா, போகாதீங்கப்பா."

"இங்க கொஞ்சம் புழுக்கமா இருக்கு, கண்ணு."

அக்டோபர் மாதத்து வெர்மான்ட் குளிரில் புழுக்கமாவது! கோரா அவர் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சே நிமிஷம். நான் கேள்வி கேக்கறதப் பாத்துட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் கேட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது.

கேள்வி நேரம் வந்தது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஒரு மைக்கை நிறுத்தி, அதன் பின்னால் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஒருவருக்கு ஒரே கேள்வி, பிரசங்கம் கூடாது என்றார்கள். முதலில் வந்த மனிதர் தன் வீட்டுச் சூரிய மின்தகடுகளைப் பற்றி ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தார். "கேள்வி எங்க சார்?" என்று கேட்டதும், "கேள்வின்னு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போய் உட்கார்ந்தார்.

அடுத்து கோரா. மைக் அவள் தலைக்கு மேலே நின்றது. இழுத்து வளைத்தாள். அது கிறீச்சென்று கத்தியது. கையிலிருந்த மீன் அட்டையைப் பார்த்தாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என் பேரு கோரா திபோ. எங்க அப்பா குச்சி வச்சுதான் தண்ணி பாக்கறார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனாலும் கோரா நிறுத்தவில்லை.

"இதுவரைக்கும் முப்பத்தெட்டுக் கிணறு. முப்பத்தெட்டுலயும் தண்ணி வந்துச்சு. எல்லாத்தையும் நான் பாக்கல, பன்னெண்டுதான் பாத்தேன். எங்க அப்பா பொய் சொல்ல மாட்டார். காசும் வாங்க மாட்டார். நீங்க அவர்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல. அதுக்குள்ள சிரிச்சிட்டீங்க. நானும் சிரிச்சேன். எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

கோரா மைக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"கேள்வி என்னன்னா, அந்தக் குச்சியால முடியாதுன்னு எங்க அப்பாகிட்ட நீங்க எப்படிச் சொல்லுவீங்க? சிரிக்காம?"

டாக்டர் ஸ்லேட்டர் குச்சியை மேசைமேல் வைத்தார். முன்னால் வந்து மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"சிரிச்சது என் தப்பு, கோரா. உன் அப்பாகிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். எப்படிச் சொல்றதுன்னு..." அவர் யோசித்தார். "உண்மையச் சொல்லட்டுமா? எனக்குத் தெரியல. குச்சியைப் பத்திப் படிச்சிருக்கேன். அவர் கூட நடந்ததில்ல. நீ நடந்திருக்கே. நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவே?"

இதைக் கோரா எதிர்பார்க்கவில்லை. அவளுக்குத் தான் அடித்த முளைகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு முளையைச் சுற்றியும் எவ்வளவு பெரிய புல்வெளி! அங்கெல்லாம் யாரும் மண்வெட்டி வைத்ததில்லை.

"குச்சி இறங்காத இடத்துலயும் தோண்டிப் பாக்கணும்" என்றாள் மெதுவாக. மைக் அதைப் பெரிதாக்கி எல்லோருக்கும் கேட்க வைத்தது. "அங்க தண்ணி வரலன்னா குச்சி சொல்றது நிஜம். அங்கயும் வந்துச்சுன்னா..."

அப்பாவைக் காப்பாற்றத்தானே எழுந்து வந்தாள்? இப்போது அவளே அவரை மாட்டிவிட்டாளே!

"வந்துச்சுன்னா, நான் முப்பது வருஷமா சும்மா நடந்திருக்கேன்னு அர்த்தம்" என்றது ஒரு குரல். எமெட் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டவில்லை. பட்டன் இல்லாதது நன்றாகவே தெரிந்தது. "எம் பொண்ணு கேக்கறது நியாயம்தான். இத்தன நாள்ல எனக்கே தோணல. அடுத்த சனிக்கிழமை எங்க புல்வெளியில தோண்டறேன், டாக்டர். நீங்களும் வாங்க. சிரிக்கறதுன்னா அங்க வந்து சிரிச்சுக்கோங்க."

இந்த முறை அரங்கம் சிரித்தபோது எமெட்டும் சேர்ந்து சிரித்தார்.

வீடு திரும்பும்போது வண்டியில் கோராதான் பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பா, நானும் சிரிச்சேன்."

"பாத்தேன்."

"என்மேல கோவமா?"

"அந்தம்மா குச்சியப் பிடிச்ச அழகுக்கு யாராயிருந்தாலும் சிரிப்பாங்க. தலைகீழாப் பிடிச்சிருந்தாங்க."

கோரா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த இடத்துல தண்ணி வந்துட்டா உங்களுக்கு வருத்தமா இருக்குமாப்பா?"

எமெட் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கும்" என்றார். "நீ பக்கத்துல நின்னுக்கோ."

அடுத்த சனிக்கிழமை டாக்டர் ஸ்லேட்டர் நிஜமாகவே வந்தார். முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டிருந்தார். பக்கத்து வீட்டு ரெஜி தன் பொக்லைனை ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே அவர் நாயும் வந்தது.

எமெட் ஒரு மணி நேரம் புல்வெளியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குச்சி கொஞ்சம்கூட அசையாத இடத்தைத் தேடினார். ஏமாற்ற நினைத்திருந்தால் பாறை தெரிகிற மேட்டுப் பக்கம் போயிருக்கலாம். அவர் போகவில்லை. நடுப் புல்வெளியில் நின்று, "இங்க ஒரு சொட்டுகூட இல்லன்னு குச்சி சொல்லுது" என்றார். கோரா முளையை அடித்தாள்.

பொக்லைன் தோண்டியது. ஐந்து அடி. வறண்ட மண். ஏழு அடி. வறண்ட மண்தான். எமெட்டின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. கோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வேண்டுவதென்று தெரியாமல் நின்றாள்.

ஒன்பதாவது அடியில் மண் கறுத்தது. ரெஜி இயந்திரத்தை நிறுத்தினார். குழியின் அடியில், அவசரமே இல்லாமல், தண்ணீர் ஊறி வந்தது.

டாக்டர் ஸ்லேட்டர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோரா அப்பாவின் கையை இறுக்கினாள். எமெட்டின் முகம் வாடித்தான் போயிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஏம்மா டாக்டர், அப்ப இந்தப் புல்வெளி முழுக்கக் கீழ தண்ணிதானா?"

"இந்தப் பக்கம் நிறைய இடத்துல அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். எல்லா இடத்துலயும்னு சொல்ல முடியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் ஸ்லேட்டர் சிரித்த சிரிப்பில் ரெஜியின் நாய் எழுந்து குரைத்தது. "இன்னும் ரெண்டு இடத்துல தோண்டிப் பாக்கலாமா?" என்றார்.

தோண்டினார்கள். ஒன்றில் தண்ணீர் வந்தது. இன்னொன்றில் பாறை வந்து ரெஜியின் பொக்லைன் பல் ஒன்று உடைந்தது. "பாறை இருக்குன்னு உன் குச்சி ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று ரெஜி திட்டினார். சாயங்காலம் வரை எமெட் மண்ணைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, டாக்டர் ஸ்லேட்டரைக் கிளம்பவே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வின்ஸ்லோ வீட்டு அம்மா. கோரா அப்படியே நின்றுவிட்டாள். விஷயம் ஊரெல்லாம் பரவியிருக்குமே! இனிமேல் அப்பாவை யாராவது கூப்பிடுவார்களா? கேலி செய்யத்தான் போன் செய்கிறார்களோ?

"கிணறா? தோண்டலாமே" என்று எமெட் பேசிக்கொண்டிருந்தார். "மாட்டுக் கொட்டகைய விட்டுத் தள்ளி, வீட்டுக்குக் கிட்ட பாப்போம். பக்கத்து நிலத்துல யாரு யாரு எத்தன அடி தோண்டினாங்கன்னு விசாரிச்சு வைங்க. பாறை இருக்கான்னு முதல்ல பாக்கணும்... ஆமா, ஆமா, கேள்விப்பட்டது நிஜம்தான்... அட, அதனால என்ன, வராம இருப்பனா?"

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். எமெட் கோராவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"குச்சியா? அது வேண்டாம். எம் பொண்ணக் கூட்டிட்டு வரேன். அவ நல்லாக் கேள்வி கேப்பா."