கதவடியில் நின்ற ஊர்ப் பிள்ளை

கதவின் உட்புறத்தில் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி கழன்ற ஓட்டைகளும் வெளிறிய ஒரு அடையாளமும் மட்டுமே இருந்தன. லக்சிகா அதைக் கவனிக்கவில்லை. அவள் கைபேசியைத் திருப்பித் திருப்பிக் கட்டிலைக் காட்டினாள், தொலைக்காட்சியைக் காட்டினாள், குளியலறைக் குழாயில் சுடுதண்ணீர் வருவதைக் காட்டினாள். நடுவில் கதவு ஒரு கணம் வந்து போனது, அவ்வளவுதான். ஆனால் பரிமளத்தின் கண் அப்படிப்பட்டது. கத்தரிக்காயைக் கையால் தொடாமலே எதற்குள் புழு என்று சொல்லிவிடுகிற கண்.

"பிள்ளை, கதவைத் திருப்பிக் காட்டு."

"கதவிலை என்னம்மா இருக்கு பார்க்க?"

"காட்டெண்டால் காட்டு."

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் பொழுது படுகிற நேரம். வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் பரிமளம் கிணற்றடியில் நின்றாள். எப்போதும் அங்கே நின்றுதான் கதைப்பாள், தொண்டை கிழியத்தான் கதைப்பாள். சோளகக் காற்று பனை ஓலைகளைச் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குசினியிலிருந்து மீன்குழம்பு வற்றுகிற மணம் வந்தது, அடுப்பை அணைக்க வேண்டும் என்று நினைத்தாள், போகவில்லை. சுற்றியிருந்த வீடுகளெல்லாம் கூரை போய்ப் பற்றை மண்டிக் கிடந்தன. வேலிக்கு அப்பால் மீனாம்பிகை அக்காவின் வீட்டில் மட்டும் ஒரு பல்ப் எரிந்தது.

மகள் நின்ற ஊரில் இன்னும் வெயில் இருந்தது. ஜோகன்னஸ்பேர்க். அந்தப் பெயரைப் பரிமளம் இன்றுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. மாப்பிள்ளை லவன் கனடாவில் அகதி வழக்குப் போட்டவன், இலங்கைக்கு வர ஏலாது. ஆகவே இரண்டு பேரும் நடுவில் ஒரு நாட்டில் சந்தித்து, அங்கேயுள்ள கோயிலில் தாலி கட்டுவதென்று முடிவாகியது. எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படித்தான் நடக்கிறது. லவனின் விமானம் நாளைக் காலையில்தான் இறங்கும். இந்த ஒரு இரவு மட்டும் லக்சிகா தனியே.

லவன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வாசலில் காவல்காரர் நிற்கிற ஹோட்டல் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். வேண்டாம் என்றவள் பரிமளம்தான். அங்கே யாரைத் தெரியும்? நகரத்துக்கு நடுவிலுள்ள ஒரு ஹோட்டலின் கீழ்த்தட்டில் ஊர்ப் பெடியன் ஒருத்தன் போன் கடை வைத்திருக்கிறான் என்று சந்தியில் அப்புத்துரை சொன்னது அவளுக்கு வேதவாக்காகிவிட்டது. கூலிக்கு நிற்கிற காவல்காரனை விட ஊர்ப் பிள்ளை மேல் இல்லையா? அந்தப் பகுதி சரியில்லை மாமி, பகலிலேயே ஆக்களை வெட்டிப் போடுவினம் என்று லவன் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தான். பரிமளம் பிடித்தால் பிடித்ததுதான். மாமியாராகப் போகிறவளோடு கலியாணத்துக்கு முன்னமே மல்லுக்கு நிற்க முடியாமல் அவன் விட்டுவிட்டான்.

"கதவுக் கொண்டியைக் கழட்டிப்போட்டாங்களே," என்றாள் பரிமளம். "கீழை கடைக்காரப் பெடியனைக் கண்டனியோ?"

"கடை பூட்டிக் கிடக்கம்மா. இரும்புக் கதவெல்லாம் கறள் பிடிச்சு... கனகாலம் திறக்காத மாதிரி."

பரிமளம் உடனே அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

"ஹோட்டல்காரன் எப்பிடி?"

"கம்பிக் கூட்டுக்குள்ளை இருக்கிறான். அறைத் திறப்பைத் தந்தான், அது வெளியாலை மட்டும்தான் பூட்டுது. நிமிர்ந்தும் பார்க்கேல்லை. டக்சிக்காரன் நான் உள்ளுக்குப் போகுமட்டும் நிண்டிட்டு, வெளியிலை வராதை எண்டு சொல்லிப்போட்டுப் போனான்."

"வெளியிலை போகாதை."

"ஓம் அம்மா."

"கழுத்துச் சங்கிலியைக் கழட்டி உள்ளுக்கு வை."

"ஓம் அம்மா."

"யன்னலடியிலை நிக்காதை. கூறைச்சேலைப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழை தள்ளு. கைபேசியை வைக்காதை, நாளைக்கு லவன் வருமட்டும் நான் இதிலைதான் நிப்பன்."

"ஓம் அம்மா. ஓம் அம்மா."

அந்த இரண்டாவது 'அம்மா'வைக் கொஞ்சம் இழுத்து, முடிவில் குரலைத் தாழ்த்திச் சொல்வது லக்சிகாவின் பழக்கம். தாயின் நச்சரிப்பும் ஆய்க்கினையும் தாங்காமல் சொல்வது. சின்னதிலிருந்தே அப்படி. பரிமளத்துக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, சிரித்தும் விட்டாள்.

சிரித்தபடிதான் அதைப் பார்த்தாள். கதவுக்குக் கீழே வெளிச்சக் கோடு ஒன்று இருந்தது, வெளி நடையின் விளக்கு. அந்தக் கோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. இரண்டு இருட்டுத் துண்டுகள், பக்கத்தில் பக்கத்தில். முதல்தரம் கதவைக் காட்டியபோதும் அவை அங்கேயே இருந்தனவா? இருந்தன. அப்போது அவள் ஆணி ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை," என்றாள் குரலை இறக்கி. "மெல்லமாய்க் கதிரையை எடுத்துக் கதவுக்கு முட்டுக் குடு. கைபிடிக்குக் கீழை. சத்தம் போடாதை."

லக்சிகா தாயின் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. இரும்புக் காலுள்ள பாரமான கதிரை அது. அதைத் தூக்கிக்கொண்டு போய், முதுகுப் பலகையைக் கைபிடிக்குக் கீழே செருகினாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து கைபேசியைக் கதவுப் பக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோளகம் ஒருகணம் விட்டது, கிணற்றடி வாழையில் ஒரு இலையும் ஆடவில்லை. கைபேசிக்குள்ளிருந்து மகளின் மூச்சு மட்டும் கேட்டது.

கைபிடி கீழே இறங்கியது.

மெதுவாக இறங்கியது. அவசரமே இல்லாமல், உள்ளே நித்திரைப் பிள்ளை இருக்கிறதென்று தெரிந்தவர்கள் திறப்பதுபோல. கதிரையில் பட்டு நின்றது. கதிரை சாடையாக முனகியது. பிறகு கைபிடி அதே மெதுவில் மேலே போனது.

"அம்மா..."

"கத்தாதை. நான் இருக்கிறன்."

இருந்து என்ன கிழிக்கப் போகிறாள்? கடல் கடந்து ஒரு கிணற்றடியில், கையில் ஒரு கண்ணாடித் துண்டோடு நிற்கிறாள். ஹோட்டல்காரனுக்குப் போன் எடு என்றாள். அறையிலுள்ள போனின் வயர் அறுந்து கிடந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. விரல் மடக்கி, பணிவாக, இரண்டு தட்டு.

லக்சிகா ஆங்கிலத்தில் யார் என்று கேட்டாள். மறுபடி தட்டு. பரிமளத்துக்குப் பொறுக்க முடியவில்லை. பயம் வந்தால் அவளுக்குக் குரல்தான் முதலில் வரும். ஊரில் வேலிப் படலையடியில் ஆள் நின்றால் கேட்கிற அதே கேள்வியைக் கைபேசிக்குள் உரக்கக் கேட்டாள்.

"ஆர் அது? எங்கட ஆளோ? தமிழோ?"

பிறகு கதவுக்கு அப்பாலிருந்து ஒரு ஆண் குரல்.

"ஓம்."

பரிமளம் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். 'ஆமாம்' இல்லை, 'ஆமா' இல்லை, எங்கட 'ஓம்'. நெஞ்சுக்குள் கட்டியிருந்ததெல்லாம் அவிழ்ந்தது. கடைக்காரப் பெடியனாகத்தான் இருக்கும். கைபிடியைத் திருகினால் என்ன? எங்கட ஆக்கள் என்றைக்குத் தட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்? மீனாம்பிகை அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து நேரே குசினிக்கு வந்து நிற்பாளே.

"தம்பி, எந்த ஊர்? புங்குடுதீவோ?"

"ஓம்."

"இறுப்பிட்டிப் பக்கமோ?"

"ஓம்."

"ஆற்றை பிள்ளை நீர், தகப்பன் ஆர்?"

பதில் வரவில்லை. அந்த மௌனத்தில்தான் பரிமளத்துக்கு அது பொறிதட்டியது. பக்கத்து வீட்டுத் தனேஸ். மீனாம்பிகை அக்காவின் ஒரே மகன். ஏஜென்சிக்காரனோடு ஆபிரிக்கா வழியாகப் போகிறேன் என்று வெளிக்கிட்டவன், அங்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒருதரம் கதைத்தான், அதோடு சரி. பத்துப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. லக்சிகா புறப்பட்ட அன்றும் அந்த மனுசி வந்து, எங்கையேன் கண்டால் சொல்லு பிள்ளை என்று அழுதாள். ஆபிரிக்கா என்ன எங்கட பண்ணைப் பாலமோ அக்கா, போனவுடனை எதிர்ப்பட, என்று பரிமளம் பகிடி விட்டிருந்தாள்.

"தம்பி," என்றாள். "மயில்வாகனத்தாற்றை மகனோ? மீனாம்பிகையக்காவின்ர தனேஸோ நீர்?"

"ஓம்."

வேலிக்கு அப்பால் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"கதவைத் திற பிள்ளை. எங்கட தனேஸ்."

லக்சிகா அசையவில்லை. "அம்மா, அவர் வேறை ஒண்டும் கதைக்கிறார் இல்லை."

"எத்தினை வருசம் தமிழ் கதைக்காமல் இருந்தானோ, பாவம். காசில்லாமல் பேப்பர் இல்லாமல் ஒளிச்சுத் திரியிற பெடியன், வெக்கப்படுறான். ராத்திரி முழுக்க உனக்குக் காவல் இருப்பான். திற."

"எனக்குப் பயமாய் இருக்கம்மா."

"ஊர்ப் பிள்ளைக்கு ஆரும் கதவு பூட்டுவினமோ? நான் சொல்லுறன், கதிரையை எடு."

லக்சிகா எழுந்தாள். ஒரு கையில் கைபேசி, மறு கையால் கதிரையை இழுத்தாள். இரும்புக் கால் தரையைக் கிறீச்சென்று கீறியது.

"ஓம் அம்மா," என்றாள் அவள், முடிவில் குரலைத் தாழ்த்தி.

"ஓம் அம்மா," என்றது கதவுக்கு வெளியே.

அதே இழுப்பு. அதே தாழ்ப்பு.

பரிமளத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் ஒரு ஊரும் சொல்லவில்லை. ஒரு பெயரும் சொல்லவில்லை. ஊரைச் சொன்னது அவள். தகப்பனைச் சொன்னது அவள். பெயரை வைத்ததும் அவள். அவனிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதையும் கதவடியில் நின்று, அவளுடைய பிள்ளையின் வாயிலிருந்து பொறுக்கியிருந்தான்.

"திறவாதை," என்று கத்தினாள்.

கதவு லக்சிகாவின் முகத்தில் வந்து அடித்தது.

கைபேசி விழுந்தது. பெட்டியிலோ எதிலோ சாய்ந்து நின்றது. தரை தெரிந்தது. சப்பாத்து இரண்டு. சரிந்த கதிரை. லக்சிகாவின் கை, விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போகப் பார்த்தன. கதவு சாத்துப்பட்டது. மெதுவாக.

கதிரை தரையை விட்டு எழுந்தது.

இறங்கியது.

லக்சிகா அம்மா என்றாள். கதிரை எழுந்தது. இறங்கியது. இரும்புக் காலில் தலைமயிர் ஒட்டியிருந்தது. மறுபடி எழுந்தது. இந்தமுறை இறங்கியபோது வேறு சத்தம், ஈரமான சத்தம். கை பிறாண்டுவதை விட்டது. தரையின் கல்லுப் பொருத்துகள் வழியே சிவப்பு நேர்கோடாக ஓடி வந்தது. வளைந்தது. கைபேசியை நோக்கி வந்தது.

பரிமளத்துக்குக் குரல் வரவில்லை. வாழ்நாளில் முதல்தரம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. யாரைக் கூப்பிடுவது? அந்த ஊர்ப் பொலிசுக்கு என்ன நம்பர்? லவன் ஆகாயத்தில். தெருவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

வேலிப் பொட்டு சரசரத்தது. மீனாம்பிகை அக்கா ஓலையில் சேலை கிழியக் கிழியப் புகுந்து ஓடி வந்தாள்.

"என்ர பிள்ளையோ? தாரும், பரிமளம். முகத்தைப் பார்க்க வேணும்."

"இல்லையக்கா... அவன்..."

மீனாம்பிகை கைபேசியைப் பறித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் இழுத்து இறுகிய கை, பரிமளத்தால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. அங்கே, அந்த அறையில், யாரோ குனிந்து கைபேசியை எடுத்தார்கள். தரை சுழன்றது. பிறகு ஒரு முகம். பின்னால் யன்னல் வெயில். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும்.

"தனேஸ்?"

மூச்சு வாங்குகிற சத்தம்.

"என்ர ராசா, நீதானோ?"

"ஓம் அம்மா."

மீனாம்பிகையின் முகம் கைபேசி வெளிச்சத்தில் உடைந்து, சிரித்து, அழுதது. பரிமளம் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள், நகத்தால் கீறினாள். "அவன் தனேஸ் இல்லையக்கா, என்ர பிள்ளையைக் கொல்லுறான், தாங்கோ." மீனாம்பிகை தோளால் அவளை இடித்துத் தள்ளினாள். கண்ணீர் நிறைந்த அந்தக் கண்களுக்கு முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"மெலிஞ்சு போனாய். கழுத்திலை மாடு இடிச்ச தழும்பு இருக்கோ?"

"ஓம் அம்மா."

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா."

விழுந்த இடத்திலிருந்து பரிமளம் பார்த்தாள். அவனுடைய கையில் ஏதோ சிவப்பாக, சரிகையோடு மினுங்கியது. கூறைச்சேலை. அதில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், தரையில், மருதோன்றி போட்ட ஒரு பாதம். குதி நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. தட். தட். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, தட்.

"வீட்டை வாறியோ ராசா?"

"ஓம் அம்மா."

"குறிகட்டுவான் பஸ்ஸிலை ஏறி எங்கட சந்தியிலை இறங்கு. பாதை மாறேல்லை. பரிமளத்தின்ர வளவுக்குள்ளாலை வா, பொட்டு அப்பிடியே கிடக்கு. எத்தினை மணியானாலும் பரவாயில்லை. நான் கதவு பூட்ட மாட்டன்."

பாதம் தட்டுவதை நிறுத்தியிருந்தது. அந்த இருட்டு முகம் மீனாம்பிகையை விட்டுத் திரும்பியது. அவளுடைய தோளுக்கு மேலால், கிணற்றடியை, வேலிப் பொட்டை, மண்ணில் கிடந்த பரிமளத்தை ஆறுதலாகப் பார்த்தது.

"ஓம் அம்மா," என்றது, லக்சிகாவின் குரலில்.