பார்க்காமல் போட்ட சாட்சிக் கையெழுத்து

"வித்தாச்சு, சாவியக் குடுத்தாச்சு. இனிமே அந்த வீட்டுக்குள்ள என்ன நடந்தா எனக்கென்னடி?"

"என்ன நடக்குதுன்னு நான் கேக்கல க்ளெனிஸ். யாரு நடக்குறான்னு கேக்குறேன்!"

"படிவத்துல எழுதிக் குடுத்தேன்ல? விக்கிறவரத் தவிர வீட்டுல வேற யாராவது குடியிருக்காங்களா? இல்லை. என் கையாலயே கட்டத்துல குறி போட்டேன்."

"அப்ப உள்ள வா. அடுக்களையில உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

க்ளெனிஸ் நகரவில்லை. நவம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது, குடை இல்லை, தலைக்கு அன்று காலைதான் சாயம் போட்டிருந்தாள். அப்படியும் பதினொன்றாம் எண் வீட்டு வாசற்கல்லை அவள் காலணியின் நுனிகூடத் தொடவில்லை. அவள் பிறந்து வளர்ந்து, மூன்று வாரத்துக்கு முன்புவரை குடியிருந்த வீடு அது.

"அம்பத்திரெண்டு வயசுல மொத மொதல்ல சொந்த வீடு. அதான் பினாத்துற. காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா இந்தப் பயமெல்லாம் வராது."

"உனக்குத்தான் ரெண்டு தடவ ஆச்சே. தைரியமா உள்ள வாயேன்."

கிராஸ்ஃபீல்டு தெருவில் ஏழு வீடுகளின் திரைச்சீலைகள் அசைந்தன. எட்டாவது வீட்டில் திரைச்சீலை கிடையாது. அந்த வீட்டு அம்மா நேராகவே நின்று பார்த்தாள். க்ளெனிஸ் காரில் ஏறிப் போனாள். ரோனா என்ட்விசில் கதவைச் சாத்தாமல், வாசற்படியில் தூறலோடு உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வீட்டை வாங்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பது எங்கள் டாட்மார்டன் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

ரோனா பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். இருபத்தாறு வருஷம் ஒன்பதாம் எண் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், பதினொன்றில், அக்காவும் தங்கையுமாக அவிஸும் க்ளெனிஸும். அப்பா சாகும்போது வீட்டை ஆளுக்குப் பாதி என்று எழுதி வைத்தார். அவிஸ் அதிகம் பேசாதவள். முடக்குவாதத்தில் அவள் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். தேநீர்க் கோப்பையை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவில் இடுக்கித்தான் தூக்குவாள். அவள் தடவுகிற வலித் தைலத்தின் நெடி, அவள் வருவதற்கு முன்பே வரும்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் க்ளெனிஸ் மழையில் ஓடிவந்து ரோனாவின் கதவைத் தட்டினாள்.

"ஒரு கையெழுத்து போடு கண்ணு. அவிஸ் தன் பாதிய எனக்கு எழுதிக் குடுத்துட்டா. சாட்சி வேணுமாம், சொந்தக்காரங்க போடக் கூடாதாம்."

அடுப்பில், உருளைக்கிழங்கு மூடிச் சுடுகிற 'மீன் பை' கருகிக்கொண்டிருந்தது. ரோனா கதவு நிலையிலேயே தாளை வைத்துப் போட்டுக் கொடுத்தாள். 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று அச்சிட்டிருந்ததை அவள் படிக்கவில்லை. எங்கள் தெருவில் யார்தான் படித்தோம்? கடவுச்சீட்டுப் புகைப்படம், பக்கத்து வீட்டுப் பார்சல், கார் நிறுத்த இடம் கேட்டு மனு, எல்லாவற்றுக்கும் நீட்டிய இடத்தில் போட்டுத்தானே பழக்கம். அவிஸின் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது. அழகான, உருண்டையான எழுத்து.

ஏப்ரலில் இரண்டு வார ஓய்வு என்று சொல்லி அவிஸை மலைமேல் இருக்கும் முதியோர் இல்லத்தில் விட்டாள் க்ளெனிஸ். மே மாதம் அங்கேயே அவிஸ் செத்துப்போனாள். இலை உதிர்கிற காலத்தில் வீடு விலைக்கு வந்தது. க்ளெனிஸ் முதலில் கேட்டது ரோனாவைத்தான். அதுவும் யாருக்கும் சொல்லாத விலைக்கு. "இத்தனை வருஷத்துச் சிநேகிதிக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?" என்றாள். ரோனா அன்று ஒன்பதாம் எண் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். சுவர் வழியாக எங்களுக்கே கேட்டது.

ஊரில் எல்லாருக்கும் வக்கீலான பிக்கர்ஸ்கில், ரோனாவுக்காக ஏழு வாரம் துருவினார். சாக்கடை எந்தப் பக்கம் போகிறது, ஆறு பெருகினால் எதுவரை வரும், அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் உண்டா, மாதா கோயில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பங்கு தர வேண்டுமா, எல்லாம் கேட்டார். 'பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா?' என்ற கேள்விக்கு க்ளெனிஸ் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டாரே ரோனாதான் என்பதால் அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாவி வந்தது. ரோனா தன் சாமான்களை மண் அள்ளும் தள்ளுவண்டியில் வைத்து ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளினாள். பதினாலு நடை. லாரிக்காரன் கேட்ட தொகைக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து கோட்டைக் கழற்றினாள். மணி மூன்றே முக்கால். வெளியே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். வானம் சாம்பலாகி இறங்கிக்கொண்டிருந்தது.

அடுக்களையில் ஒரு நாற்காலி இழுபட்டது.

மெதுவாக. உட்காருவதற்காக ஒருவர் பின்னுக்கு இழுக்கிற மாதிரி.

போய்ப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கத்து நாற்காலி ஒரு முழம் தள்ளி நின்றது. யாருமில்லை. தைல நெடி மட்டும் இருந்தது. பழைய வீடு, சுவரில் ஊறியிருக்கும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள். மறுநாளும் அதே நேரம் நாற்காலி நகர்ந்தது. அதற்கு மறுநாளும். பிறகு ஒரு கீறல் சத்தமும் சேர்ந்துகொண்டது. மை வற்றிய பேனாவைத் தாளில் அழுத்துகிற சத்தம். மேசைமேல் எந்தத் தாளை விட்டுவைத்தாலும், எரிவாயு ரசீதோ பள்ளிக்கூட வேலை அட்டவணையோ, சாயங்காலம் அதன் அடியில் கோணல்மாணலாக ஒரு கோடு கிடக்கும். சிலந்தி மையில் விழுந்து நடந்த மாதிரி.

இதையெல்லாம் கேட்கத்தான் ரோனா க்ளெனிஸை வரவழைத்தாள். அவள் வாசற்கல்லைத் தாண்டாமல் போன கதையைத்தான் பார்த்தோமே.

அன்று வாசற்படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த ரோனா, மழை வலுத்ததும் வேறு வழியில்லாமல் உள்ளே போனாள். தன் வீடுதானே என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். மேசையில் தொலைக்காட்சி உரிமக் கடிதம் திறந்து கிடந்தது. அடுப்பங்கரைக் கடிகாரம் மூன்றே முக்காலைத் தொட்டது.

நாற்காலி நகர்ந்தது.

ரோனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது அவள் தாடையை ஏதோ பிடித்தது.

குளிர்ந்த, முடிச்சு முடிச்சான விரல்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விரல்கள். பலம் இல்லை, ஆனால் விடவில்லை. மெள்ள, மெள்ள, அவள் முகத்தை மேசைப் பக்கம் திருப்பின.

"பாரு."

மூச்சு மாதிரி ஒரு குரல். தைல நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது.

கடிதத்தின் அடியில், வெற்றிடத்தில், ஒரு கோடு முளைத்தது. பேனா இல்லை, கை இல்லை. கோடு நடுங்கியது, நின்றது, வழுக்கியது, திரும்பத் தொடங்கியது. முதல் எழுத்து முடியவே ஒரு நிமிஷம் ஆனது. ஒவ்வொரு வளைவுக்கும் எதிர்ப் பக்கத்திலிருந்து அடக்கின முனகல் வந்தது, எலும்பு நோகிறவர்கள் முனகுவது போல. அ. வி. ஸ்.

ரோனாவுக்கு அந்த உருண்டை எழுத்து ஞாபகம் வந்தது. பிப்ரவரி மழையில், ஈரம் படாமல், சாய்வாக, அழகாக. இந்தக் கை அதை எழுதியிருக்காது. இந்தக் கையால் பேனாவையே பிடித்திருக்க முடியாது.

"பாத்தியா?" என்றது குரல்.

"பாக்கல," என்றாள் ரோனா. "அன்னிக்கு நான் பாக்கல, அவிஸ்."

விரல்கள் தாடையை விடவில்லை.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு பிக்கர்ஸ்கில் முன்னால் போய் உட்கார்ந்தாள். தாடையில் நான்கு நீலத் தடங்கள். குளிருக்குச் சுற்றிய கம்பளித் துண்டை அவள் கழற்றவில்லை.

"அந்தம்மா கையெழுத்துப் போட்டப்ப நீங்க அந்த அறையில இல்ல?" என்றார் அவர்.

"அந்த வீட்டுலயே இல்ல சார். மீன் பை பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ் என்ட்விசில், இத நான் காதுல வாங்கணுமா வேணாமான்னு ஒரு தடவ யோசிச்சுச் சொல்லுங்க."

"வாங்கினா என்ன ஆகும்?"

"அது பொய்க் கையெழுத்துன்னா, அவங்க பாதி க்ளெனிஸுக்குப் போகவே இல்ல. அவங்க உயில் எங்கிட்டதான் இருக்கு. அந்தப் பாதிய கழுதைங்களுக்கு எழுதி வச்சிருக்காங்க."

"யாருக்கு?"

"வயசான கழுதைகளப் பராமரிக்கிற ஒரு காப்பகத்துக்கு. பத்திரம் சரியா இருந்ததால உயிலுக்கு வேலையில்லன்னு விட்டுட்டோம்." அவர் தொண்டையைச் செருமினார். "விவரம் தெரியாம வாங்கிக் குடியிருக்கிறவங்கள சட்டம் லேசுல வெளியேத்தாது. வேற யாரு வாங்கியிருந்தாலும் தப்பிச்சிருப்பாங்க. ஆனா அந்தத் தப்பு நடக்கக் காரணமான கவனக்குறைவு உங்களோடது. நஷ்ட ஈடும் கிடைக்காது. பாதி வீடு போயிடும்."

வேறு யார் வாங்கியிருந்தாலும்.

ரோனா வெளியே படிக்கட்டில் நின்று க்ளெனிஸுக்குப் போன் செய்தாள்.

"ஏன்டி எனக்கு வித்த?"

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. க்ளெனிஸ், மளிகைச் சாமான் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்: "வேற எவளாவது வாங்கியிருந்தா ஏதாவது தோண்டுவா. நீ தோண்ட மாட்ட. தோண்டுனா உன் கையெழுத்துதான் மொதல்ல வரும். அதுக்குத்தான் வெல கொறச்சேன்."

"நான் உன் சிநேகிதின்னு நெனச்சேன்."

"சிநேகிதிதான். இல்லன்னா சாட்சிக்கு ஏன் உன்கிட்ட வரேன்? போ, உள்ள போய்ச் சொல்லு. போகப்போறது உன் கூரை."

இருபத்தாறு வருஷம் இருவரும் பேசிய பேச்சில் கடைசி அதுதான். ரோனா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு திரும்ப மாடியேறினாள்.

"காதுல வாங்குங்க சார்," என்றாள்.

வாக்குமூலத்தை அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டு தடவை. கையெழுத்துப் போடும்போது பிக்கர்ஸ்கில் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் தைல வாசம் அடித்ததாகவும், யாருக்காவது மூட்டு வலியா என்று தான் விசாரித்ததாகவும் அவர் பின்னால் சொன்னார்.

அன்று மூன்றே முக்காலுக்கு நாற்காலி நகரவில்லை. அதற்கப்புறமும் நகரவில்லை.

கழுதைகளுக்குப் பாதி போயிற்று. அதற்காக வீட்டை விற்க வேண்டி வந்தது. படிவத்தில் 'வேறு யாராவது குடியிருக்கிறார்களா' என்ற இடத்தில் ரோனா வெகு நேரம் யோசித்து 'இப்போது இல்லை' என்று எழுதினாள். லீட்ஸிலிருந்து ஒரு இளம் ஜோடி வாங்கியது. ரோனா இப்போது மீன் வறுவல் கடைக்கு மேலே ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். உடம்பெல்லாம் எண்ணெய் வாசம், ஆனால் தூக்கம் வருகிறது என்கிறாள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. அவளிடம் பார்சல் வாங்கச் சொல்வதைத் தெருவே விட்டுவிட்டது.

க்ளெனிஸ் மேல் வழக்கு நடக்கிறது, நத்தை நடக்கிற மாதிரி. அக்கா தன் கண்முன்னால்தான் போட்டாள் என்று அவள் சாதிக்கிறாள். அக்கா வந்து மறுக்கவா போகிறாள் என்ற தைரியம்.

இதற்கிடையில் மூன்றாவது கல்யாணமும் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை நார்மன் கிட்சன், கடற்கரை ஊரான ஃபைலியில் வண்டிவீடுகளை வாடகைக்கு விடுகிறவர், மனைவியை இழந்தவர். இந்த ஏப்ரலில் பதிவு அலுவலகத்தில் நடந்தது. திரைச்சீலை இல்லாத வீட்டு அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை அங்கே வேலை பார்ப்பதால் எங்களுக்கு எதுவும் தப்பவில்லை. பெண், மாப்பிள்ளை, சாட்சிக்கு நார்மனின் இரண்டு மகள்கள், பதிவாளர். அறையில் மொத்தம் ஆறே பேர், இந்தத் தங்கையையும் சேர்த்து.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்தபின் பதிவாளர் தாளை எடுத்துப் பார்த்தார். இரண்டு சாட்சிகளுக்குக் கீழே, அச்சிட்ட கோடே இல்லாத இடத்தில், மூன்றாவதாக ஒரு பெயர் கோணலாக இருந்தது. குழந்தைகள் யாராவது கிறுக்கினார்களா என்று கேட்டார். குழந்தைகளே வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு தாள் எடுத்தார். எல்லோரும் மறுபடி போட்டார்கள்.

அதிலும் இருந்தது.

மணப்பெண் அதற்கப்புறம் கேக் வெட்டவில்லை, புகைப்படத்துக்கும் நிற்கவில்லை. அன்றைக்கே ஃபைலிக்குப் போய்விட்டார்கள். போகுமுன் மூன்றாவது தாளில் கையெழுத்து வாங்கியபோது பதிவாளர் தன் உள்ளங்கையால் அடிப்பகுதியை மூடிக்கொண்டிருந்தாராம். கடைசியில் கையை எடுத்தார். தாள் சுத்தமாக இருந்தது.

அவர் உள்ளங்கையில், மை இன்னும் காயாமல், அந்தப் பெயர் இருந்தது.